கடனும் கையிருப்பும்

திருச்சிராப்பள்ளி நத்ஹர்வலி தர்காவுக்கு வந்து ஃபாத்திஹா ஓதிச் செல்வோரில் பெரும்பாலோர், அதே வளாகத்தில் அடங்கியிருக்கும் மற்றொருவரைக் கண்டுகொள்ளாமலேயே போய்விடுகின்றனர். அவர் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா. 1795-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் காலமான அவருடைய உடல், பின்னர் இங்கே கொணர்ந்து அடக்கம் செய்யப்பட்டது. தென்னாட்டின் பெரும்பகுதியை ஆண்டவர், ஆலிம்களைப் போற்றியவர், லக்னோ பிரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து ஆதரித்தவர். இத்தனை சிறப்பு இருந்தும் வரலாறு அவர் பெயரை எதனோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறது? கடனோடு! இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் என்பார் 1785 பிப்ரவரி 28 அன்று ஆற்றிய புகழ்பெற்ற நெடிய உரை, ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியதே ஆகும்.

மறைந்தோரின் குறைகளைத் தோண்டுவது நமக்கு அழகன்று. ஆயினும் அந்தக் கடன் முளைவிட்ட இடம் நம் திருச்சியும், காவிரிக்கு அக்கரையிலுள்ள ஸ்ரீரங்கமுமே என்பதால், நம் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுமுன் அதனைச் சற்றே பார்ப்பது தகும்.

1749-இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் மாண்டதும் முஹம்மது அலி திருச்சிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1751-இல் சந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரரும் கோட்டையை முற்றுகையிட்டனர். உயிரையும் உரிமையையும் காக்க அவருக்கு ஆங்கிலேயரின் படை வேண்டியிருந்தது. படைக்குப் பணம் வேண்டியிருந்தது. பணத்திற்கு ஈடாக நிலவரி வருவாயை எழுதிக் கொடுத்தார். மைசூரின் நஞ்சராஜரிடம் உதவி கேட்டபோதோ, வெற்றி பெற்றால் திருச்சியையே தந்துவிடுவதாக வாக்களித்தார். 1752 ஜூன் மாதம் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாஹிபும் கொல்லப்பட்டார். வெற்றி கிட்டியது. வாக்கு மட்டும் காப்பாற்றப்படவில்லை. மைசூர்ப் படை ஸ்ரீரங்கத்தைப் பிடித்துக்கொண்டு 1755 வரை அங்கேயே தங்கியது. கடன் கொடுத்தவன் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வான் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது போல!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் இறைவனிடம் பாதுகாவல் தேடுவார்கள். கடனை விட்டு இவ்வளவு மிகுதியாகப் பாதுகாவல் தேடுவது ஏன் என வினவப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மீற நேர்கிறது என்ற கருத்தில் விடையளித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரியில் உள்ளது. இங்கே வட்டியைப் பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டியில்லாக் கடனாயினும் அது மனிதனின் நாவைக் கெடுக்கிறது. அதுவே பெருமானாரின் கவலை.

நவாபின் பிற்காலக் கதை சுருக்கமானது. சென்னை சேப்பாக்கத்தில் குடியேறிய பின், கும்பினியின் ஊழியர்களிடமே பெருவட்டிக்குக் கடன் வாங்கினார். பழைய கடனுக்குத் தவணை கட்டப் புதிய கடன். அதற்கு ஈடாக இன்னும் சில மாவட்டங்களின் வருவாய். அறுவடைக்கு முன்பே விளைச்சல் பிறர் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் மறைந்து ஆறே ஆண்டுகளில், 1801-இல், நாடும் கும்பினியின் கைக்குப் போயிற்று. பின்னர்க் கடன்களை ஆராய 1805-இல் அமைந்த ஆணையம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுனுக்கு மேல். அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடன் என ஒப்புக்கொள்ளப்படவில்லை. யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று கடன்பட்டவரிடம் செம்மையான ஏடு இல்லாவிட்டால், கடன் கொடுத்தவர் எழுதியதே கணக்காகிவிடும்.

நாடாண்டவர் கதை நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. தர்காவுக்கு அருகே பூக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர், சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என்னிடம் வந்து அமர்ந்தார். விடியுமுன் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் போய்ச் சரக்கெடுத்து வந்து விற்பவர். அவருக்கு நான்கிடத்தில் கடன். தண்டல்காரர் ஒருவர், அடகுக்கடையில் மனைவியின் நகை, சந்தையில் பூக் கொடுக்கும் மண்டிக்காரரிடம் பாக்கி, மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று. அவர் கேட்ட கேள்வி இது: “ஹஜரத், கடனை அடைத்து முடிக்கும்வரை ஒரு காசும் ஒதுக்கி வைக்கக் கூடாது என்று அத்தா சொல்கிறார். ஒதுக்காவிட்டாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தண்டல்காரரிடந்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மார்க்கப்படி எது சரி?”

பலருடைய மனத்திலும் உள்ள கேள்விதான் இது.

தண்டலின் கணக்கை முதலில் அவருக்கு விளக்கினேன். 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 தருகிறார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 செலுத்த வேண்டும். நூற்றுக்குப் பத்துத்தானே என்று நம்மவர் எண்ணுகின்றனர். ஆனால் முதல் நாளிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறதே! கையில் மீதமிருக்கும் தொகைக்குக் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு நூற்றுக்கு 75-க்கும் மேற்பட்ட வட்டியாகிறது. தமிழக அரசு 2003-இல் இயற்றிய சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. சட்டம் தடுப்பதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே திருமறை தடுத்துவிட்டது. நாமோ இரண்டையும் மறந்து, காலையில் வரும் தண்டல்காரரின் மணியோசைக்கு அஞ்சிக் கடைக்குள் ஒளிகிறோம்.

ஆகவே முதலில் தீர வேண்டியது வட்டிக் கடன். அடகில் இருக்கும் நகையில் ஒன்றை விற்று மற்றவற்றை மீட்கலாம். மீட்டதில் சிறிதை விற்றுத் தண்டலை முடிக்கலாம். நகையைப் பூட்டிவைத்துக்கொண்டு வட்டி கட்டுவது, குடத்தில் நீரிருக்கத் தாகத்தால் துடிப்பதைப் போன்றது. ஆனால் ஒன்று: மஹராகவும் தாய்வீட்டிலிருந்தும் வந்த நகை மனைவியின் சொத்து. அவள் மனமொப்பித் தந்தாலன்றிக் கணவன் அதனைத் தொடலாகாது. கடனாகத் தந்தாளாயின், மைத்துனரின் கைமாற்றை எழுதுவது போலவே அதனையும் எழுதிவைக்க வேண்டும். இதைச் சொன்னபோது அந்தச் சகோதரர் சற்றுத் தலை குனிந்தார். ஐந்தாவது கடன் ஒன்று இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போலும்.

இனி, சேமிப்பு. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது தெளிவான நபிமொழி. தவணை நாள் வந்த பின் பணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கடன் கொடுத்தவரை நாளை வா என்பவனின் சேமிப்புச் சேமிப்பன்று. அது பிறர் பொருள். அவ்வகையில் அத்தா சொன்னது சரியே. அதேபோல் கடன்காரர் காத்திருக்க, நாம் ஊர் மெச்சும் வலீமா விருந்து வைப்பதும், உபரியான தான தருமங்களில் பெயர் வாங்குவதும் முறையன்று. ஹஜ்ஜுங்கூட, கடனைத் தீர்த்து மிஞ்சும் பொருளில்தான் கடமையாகிறது. பெண் மக்களைக் கட்டிக்கொடுக்கக் கைக்கூலி என்றும் சீர் என்றும் வாங்கும் கடனைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அக்கடனில் வாங்குபவரைவிட வாங்கத் தூண்டுபவருக்கே பாவம் மிகுதி என்பது என் கருத்து.

ஆயினும், கடனாளி உண்ணாமல் உடுக்காமல் அடைக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. திவாலானவனின் பொருளை விற்றுக் கடனைத் தீர்க்கும் நீதிபதியும், அவனுக்கும் அவன் மக்களுக்கும் உணவையும் உடையையும் விட்டுவைத்தே விற்க வேண்டும் என்பது சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. பெருமானார் (ஸல்) அவர்களே பனூ நளீர் தோட்டத்து வருவாயிலிருந்து தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை ஒதுக்கிவைத்ததாக ஹளரத் உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு. பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வைக்கும் பணமும் உணவைச் சேர்ந்ததே. அது இல்லாவிட்டால் அடுத்த வட்டிக் கடன் அங்கேயே பிறக்கிறது.

அப்படியானால் வழி என்ன? கடன் கொடுத்தவரிடம் ஒளிவின்றிச் செல்ல வேண்டும். “மாதம் இவ்வளவுதான் வருகிறது, இவ்வளவு உங்களுக்கு, இவ்வளவு வீட்டுச் செலவுக்கு, நோய் நொடிக்கென்று இந்தச் சிறு தொகையை ஒதுக்குகிறேன், சம்மதமா?” என்று கேட்க வேண்டும். அவர் சம்மதித்துவிட்டால் அந்தச் சிறு தொகை இழுத்தடிப்பு ஆகாது. பெரும்பாலோர் சம்மதிக்கவே செய்வர். கடன்காரன் முகத்தைக் காட்டுகிறானே என்பதே அவர்களுக்குப் பாதிக் கடன் வந்த மாதிரி. கஷ்டத்தில் இருப்பவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறப்பு என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் கடன் கொடுத்தவரைப் பார்த்துக் கூறுகிறது. அதனை நாம் உரிமையாகக் கேட்க முடியாது; நாணயமாக நடந்தால் தானே கிடைக்கும்.

ஒதுக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் செழிப்பான ஏழாண்டு விளைச்சலைச் சேமிக்கச் சொன்னபோது, உண்ணும் சிறிதளவைத் தவிர மற்றதைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னார்கள். கதிரோடு இருந்தால் தானியம் கெடாது என்பர். எனக்கோ இன்னொன்றும் தோன்றுகிறது: கதிரில் இருப்பதை உடனே உலையில் போட முடியாது, அடித்துத் தூற்றிக் குத்தியாக வேண்டும். சட்டைப் பையிலும் கடைக் கல்லாவிலும் வைக்கும் சேமிப்பு அரிசி, மாலைக்குள் வெந்துவிடும். வீட்டுப் பெரியவளிடமோ, நம்பகமான ஜமாஅத்தாரிடமோ ஒப்படைப்பது கதிர்.

சீட்டுக் கட்டலாமா என்றும் அவர் கேட்டார். எல்லாரும் சமமாகப் பணம் போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவர் முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு, எஞ்சிய தவணைகளைத் தொடர்ந்து கட்டுவது ஒருவருக்கொருவர் கொடுக்கும் அழகிய கடன், அதில் குற்றமில்லை. ஏலச் சீட்டு அவ்வாறன்று. அவசரக்காரன் தள்ளுபடி கூறிக் குறைத்து எடுக்க, அந்தக் கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அது பெயர் மாறிய வட்டி.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். ஜகாத் பெறத் தகுந்த எண்வகையினருள் கடனில் மூழ்கியோரையும் தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் சேர்த்திருக்கிறது. ரமளானில் சேலையும் அரிசியும் வழங்கும் நாம், மஹல்லாவில் ஒரே ஒருவரின் தண்டலையேனும் அடைத்திருக்கிறோமா? லாகூரில் 2001-இல் தொடங்கிய அகுவத் என்னும் அமைப்பு, பள்ளிவாசல்களில் வைத்தே வட்டியில்லாச் சிறுகடன்களை வழங்கி வளர்ந்தது. அதன் நிறுவனர் 2021-இல் மகசேசே விருது பெற்றார். நம் பைத்துல்மால்களுக்கும் இது எட்டாத உயரமன்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சகோதரர் தம் அத்தாவையும் கூட்டி வந்தார். எண்பதை நெருங்கும் முதியவர். அவருடைய அவசரத்தின் காரணம் அப்போதுதான் விளங்கியது. கடன்பட்டு இறந்த ஒருவருக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழவைக்க முன்வராமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழவைத்ததும் அவர் நெஞ்சில் தைத்திருந்தது. பூக்கடை முதலில் அவருடையது. மண்டிப் பாக்கி அவர் காலத்திலேயே தொடங்கியது.

அவருக்கு ஹளரத் ஸுபைர் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். மக்கள் அவரிடம் பொருளை அமானிதமாக வைக்க வந்தால், தொலைந்துவிட்டால் உங்களுக்கு நட்டம் என்று அஞ்சி, அதைக் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். ஜமல் போர் நாளன்று தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தம் மனத்தில் பெருங்கவலையாக இருப்பது கடனே என்றும், சொத்தை விற்று அதனைத் தீர்க்கும்படியும், முடியாமற்போனால் தம் எஜமானனிடம் உதவி கேட்கும்படியும் பணித்தார்கள். எந்த எஜமானன் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்றார்கள். கணக்கிட்டபோது கடன் 22 இலட்சம்! 1,70,000-க்கு வாங்கியிருந்த காபா என்னும் நிலம் 16 இலட்சத்துக்கு விலைபோயிற்று. கடன் தீர்ந்த பின்னும் அப்துல்லாஹ் (ரலி) பாகப்பிரிவினை செய்யவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் நின்று, ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர் எவரேனும் உண்டானால் வந்து பெற்றுக்கொள்க என அறிவிக்கச் செய்தார்கள். வாரிசுகள் அதுவரை காத்திருந்தார்கள்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஓர் ஏடு கேட்டார். மகன் சொல்லச் சொல்ல ஐந்து கடன்களையும் நான் எழுதினேன். திருமறை கூறும் முறைப்படி இருவர் சாட்சி வைத்தார்கள். மண்டிப் பாக்கி என்ற வரியில் மகன் சொன்ன தொகையைப் பெரியவர் தடுத்தார். “அதோடு இன்னும் 1,150 சேர்த்து எழுதுங்கள். பழைய மண்டிக்காரர் காலமான வருஷம் நான் எடுத்த மல்லிகை. அவர் மகனுக்கு அது தெரியாது” என்றார். மறுநாள் விடியுமுன் தந்தையும் மகனும் சேர்ந்தே ஸ்ரீரங்கத்துக்குப் பேருந்து ஏறியிருக்கிறார்கள்.