பொழுதுக்கும் உரிப்பொருள் உண்டு

“நேரம் இல்லை” என்பது இன்று நம்மிடையே மிக எளிதிற் கிடைக்கும் விடை. புதிய நூலொன்றைப் படித்தீரா என்று வினவினால் நேரம் இல்லை. நோயுற்ற உறவினரைப் பார்த்து வந்தீரா என்றாலும் நேரம் இல்லை. நாளொன்றுக்கு நாழிகை 60. அரசனுக்கும் அறுபதே, ஆண்டிக்கும் அறுபதே. அவ்வாறாயின் நம்மிடம் இல்லாமற் போனது எது? பொழுதா, அதனைப் பகுத்துக்கொள்ளும் மனமா?

இவ்வினாவைப் பிறரை நோக்கி எழுப்புமுன் என்னை நோக்கி எழுப்புவதே முறை. எங்கள் ஊரிலே முதியவர் ஒருவர் இருந்தார். கோயிலிற் கந்தபுராண படனம் நிகழுங்கால் பயன் சொல்வதில் வல்லவர். அச்சேறிய உரைகளிற் காணாத நயங்கள் பல அவர் நாவில் இருந்தன. அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும் என்று பெரிதும் விரும்பினேன். “அடுத்த விடுமுறைக்குக் கொப்பியோடு வாறன் ஐயா” என்றேன். அவரும் மகிழ்ந்து, “வாருங்கோ தம்பி” என்றார். பாடசாலைத் தவணைகள் ஒன்பது கழிந்தன. விடைத்தாள் திருத்தல், விழாக் கூட்டம், வீட்டு மதில் கட்டுதல் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒவ்வொரு காரணம் வாய்த்தது. பின்னொரு நாள் அவர் மறைந்த செய்தி வந்தது. அன்று மாத்திரம் எனக்கு நேரம் இருந்தது. செத்தவீட்டிலே பிற்பகல் முழுவதும் இருந்தேன்.

அன்றிரவு என் நினைவில் வந்து நின்றவர் சிறுப்பிட்டி தந்த செம்மல் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். 1832 ஆம் ஆண்டு பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் வரிசையில் இடம்பெற்றவர். ஏடு தேடுதல் அவருக்குச் சோறு போட்ட தொழிலன்று. ஆசிரியராயினார்; பத்திரிகை நடத்தினார்; அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்பதவி வகித்தார்; இடையே சட்டம் பயின்று 1871 இற் பி. எல். பட்டமும் பெற்றார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அவர் பதிப்பித்தது 1868 இல்; வீரசோழியத்தை வெளியிட்டது 1881 இல். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றதோ 1882 இல்.

இவ்வாண்டுகளின் முறைவைப்பை ஊன்றி நோக்குக. “ஓய்வு பெற்ற பின்னர் பார்ப்போம்” என்று அவர் இருந்தாரல்லர். பகலெல்லாம் பிறர் பணத்தின் கணக்கைப் பார்த்தவர், எஞ்சிய பொழுதிலே தமிழின் கணக்கைப் பார்த்தார். அவ்வாறு பழகிய கைக்கே, பின்னர் 1885 இற் பொருளதிகாரமும் 1887 இற் கலித்தொகையும் எளிதில் வந்தன. ஏடுகள் தொடுமுன்னே உதிரும் நிலையைத் தம் பதிப்புரையில் அவர் உளமுருக எழுதியுள்ளார். கறையான் நம் விடுமுறைக்குக் காத்திராது என்பதை அறிந்திருந்தவர் அவர்.

கறையான் மாத்திரமோ? 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது 97,000 அளவான நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. பிறகு பார்க்கலாம் என்று எவரேனும் விட்டுவைத்த ஏடும் அச்சாம்பரிற் கலந்திருக்கும்.

இனி, பிள்ளையவர்கள் அச்சேற்றிய பொருளதிகாரமே நமக்கு வேறொரு பாடமும் கற்பிக்கின்றது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். வாழ்க்கைக்கு நிலம் எவ்வளவு முதன்மையோ பொழுதும் அவ்வளவு முதன்மை. ஒரு சாண் வேலிக்கு நீதிமன்றம் ஏறும் நாம், ஒரு மாலைப்பொழுது களவு போனால் முறையிடுவதில்லை! ஒவ்வொரு திணைக்கும் தனித்தனிச் சிறுபொழுதும் உரிப்பொருளும் உண்டு. முல்லைக்கு மாலை. வினைமேற் சென்றவன் மீளும்வரை இல்லத்தார் ஆற்றியிருக்கும் பொழுது அது. மாலை வீட்டுக்கு உரியது என்பதை இதனினும் அழகாகச் சொல்ல இயலுமோ?

இன்று அந்த மாலை எங்கே? பாடசாலை விட்ட பிள்ளை உடுப்பை மாற்றுமுன் சைக்கிளில் ஏறி டியூசனுக்கு ஓடுகின்றது. இருட்டிய பின்னர் மீள்கின்றது. தந்தையின் கையிற் கைத்தொலைபேசி. தாயின் கண் தொலைக்காட்சியில். மறுநாள் முதற்பாடத்திலே என் முன் இருந்து தூங்கும் மாணவனை அதட்ட எனக்கு நா எழுவதில்லை. அவன் சோம்பேறி அல்லன். அவனுடைய மாலையை நாமே பறித்துக்கொண்டோம். பொழுது முழுவதையும் ஒரே வினைக்கு இறைத்துவிடுதலும், வினையின்றி வீணாக்குதலைப் போலவே ஒரு நட்டந்தான்.

ஆகவே வேண்டுவது ஓட்டமன்று, பகுப்பு. நாழிகை ஒன்று 24 நிமிடம். நாள்தோறும் இரண்டே நாழிகையை மனத்துக்கு உகந்த ஒரு நற்செயலுக்கு ஒதுக்கினால், ஆண்டொன்றுக்கு 292 மணித்தியாலம் சேரும். எட்டு மணித்தியால வேலைநாளாகக் கணக்கிட்டால் 36 நாளுக்கு மேல். எஞ்சிய ஐம்பத்தெட்டு நாழிகையிலே தொழிலும் உணவும் உறக்கமும் உறவும் தாராளமாக அடங்கும். இரண்டு நாழிகை இல்லை என்பார் தம் நாளை ஒரு வாரம் குறித்துப் பார்க்கட்டும். பொழுது போன வழி தானே தெரியும்.

யானும் குறித்துப் பார்த்தேன், நாணினேன். இப்பொழுது சனிக்கிழமை காலைதோறும் அயலூரிலுள்ள பெரியவர் ஒருவரிடம் சென்று வருகின்றேன். வயது எண்பதைக் கடந்தவர். மறைந்தவரோடு ஒரே மேடையிற் பயன் சொன்னவர். கொப்பிகள் இரண்டு நிறைந்துவிட்டன. முன்னவர் சொல்லக் கேட்டிருந்தால் அவை பத்தாகியிருக்கும். அக்கடன் இனித் தீராது. எனினும் மூன்றாவது கொப்பியை நேற்று வாங்கி வைத்திருக்கின்றேன்.