வீட்டுத் தோட்டத்தில் பெருச்சாளி வளை

கொல்லிமலையில் வீட்டை ஒட்டிய கொல்லையில் வாழை, சேனை, மரவள்ளி, அவரை, பூசணி முதலியவற்றைக் குடும்பத் தேவைக்கென வைத்துக்கொள்வது வழக்கம். மேலே இலை பசுமையாய் நிற்க, கிழங்கு பறிக்கும் நாளில் செடியை இழுத்தால் வெறுந்தண்டு மாத்திரம் கையோடு வருவதைக் குடியானவர்கள் பலர் கண்டிருப்பார்கள். அக்கிழங்கு ஒரே இரவில் போனதன்று. பல வாரங்களாக மண்ணுக்குள்ளேயே தின்னப்பட்டு வந்திருக்கிறது. நஷ்டம் கண்ணுக்குத் தெரியும்போது பரிகாரத்துக்குக் காலம் கடந்துவிடுகிறது. ஆகையால் இச்சத்துருவைச் செடியைப் பார்த்து அறிய முடியாது. வளையைப் பார்த்தே அறிய வேண்டும்.

தொல்லை வலுத்த காரணம்

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை சில மாதங்களில் அறுவடையாகிவிடும். பின் ஏர் ஓடும், வளைகள் கலையும். மரவள்ளியோ ஏறக்குறைய 10 மாதம் நிலத்தில் நிற்கிறது. சேலம், நாமக்கல் பகுதிகளிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளின் தேவையை ஒட்டி மலையில் இப்பயிர் பெருகியபின், கலப்பையும் மண்வெட்டியும் நெடுநாள் தீண்டாத நிலமும், வளைக்குப் பக்கத்திலேயே தீராத ஆகாரமும் எலி இனத்துக்கு ஒருங்கே கிடைத்தன. சரிவைத் தாங்கும் கல்வரப்புகளின் இடுக்குகள் அவற்றுக்குக் கட்டிய வீடாகவே அமைந்தன.

வளை யாருடையது?

வளையைக் கண்டதும் மருந்து தேடி ஓடுதல் தவறு. முதலில் அது எப்பிராணியுடையது என்று நிதானிக்க வேண்டும்.

வாயில் அருகே புதுமண் குவியலாய்க் கிடந்து, துவாரம் உள்ளிருந்து மண்ணால் அடைக்கப்பட்டிருந்தால் அநேகமாய் அது கரம்பை எலியின் வளை. இது தானியத்தையும் வளையில் சேர்த்துவைக்கும். எருக்குழி, விறகடுக்கு, வீட்டு அஸ்திவாரம் இவற்றின் ஓரமாய்ப் பெரிய துவாரம் இருந்தால் பெருச்சாளியுடையதாகலாம். நன்கு வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோ எடைக்கும் மேற்படுவதுண்டு.

இவற்றிலும் மிக அகன்ற வாயிலும், சுற்றிலும் உதிர்ந்த முட்களும், கறண்டிய எலும்புத் துண்டுகளும் காணப்பட்டால் அது முள்ளம்பன்றியின் இருப்பிடம். இதுவும் கிழங்கைத் தோண்டித் தின்னும். எனினும் 1972ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது காக்கப்பட்ட பிராணி. இதைக் கொல்லுவதும், விஷம் வைப்பதும், வளையில் தீ மூட்டுவதும் குற்றமாகும். கல் வேலியோ தகர வேலியோ அமைத்து விலக்குவதும், வன இலாகாவுக்கு அறிவிப்பதுமே வழி. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவோர் விலங்குக்கு வைத்த கண்ணியில் மனிதரை மாட்டிவைக்கின்றனர். அது ஒருபோதும் கூடாது. கறையான் புற்றைக் கிளறும் அழுங்கு பயிரைத் தொடாது. அதைத் துன்புறுத்தலும் குற்றமே.

எந்த வளையிலும் கையை விடலாகாது. எலி விட்டுச்சென்ற வளையில் பாம்பு குடியிருக்கக்கூடும்.

உயிருள்ள வளையை அறிதல்

மாலையில் தோட்டத்திலுள்ள எல்லா வளைகளையும் மண்ணிட்டு மூடி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி நட வேண்டும். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ, எவற்றின் வாயிலில் புதுமண் தள்ளப்பட்டிருக்கிறதோ, அவை மாத்திரமே குடியிருப்புள்ளவை. இதனால் உழைப்பு பாதியாகும். எத்தனை வளைகள் என்ற கணக்கும் கிடைக்கும்.

மருந்தில்லாத முறைகள்

வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகளும் கோழிகளும் நடமாடுவதால் வெட்டுதலும் பொறியுமே முதன்மையானவை. வெட்டும்போது உபவாயில்களை எல்லாம் அடைத்து, ஒன்றில் மாத்திரம் சாக்கையோ வலையையோ கட்டி, பிரதான வாயிலிலிருந்து தோண்டிச் செல்ல வேண்டும். வாயிலொன்று விடுபட்டாலும் எலி தப்பிவிடும்.

பொறிகளில், மூங்கிலும் பனையோலையும் கொண்டு செய்யப்படும் தஞ்சாவூர்க் கிட்டி செலவு குறைந்தது. பெருச்சாளிக்குப் பலமான கம்பிக் கூண்டு வேண்டும். கருவாடோ சுட்ட தேங்காயோ இரையாக வைக்கலாம். எலி புதுப்பொருளைக் கண்டு அஞ்சும் சுபாவமுடையது. ஆதலால் முதல் இரண்டு இரவு பொறியை விசைக்காமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கி, மூன்றாம் இரவு விசைப்பது நலம்.

எருக்குழியையும் விறகடுக்கையும் கிழங்குப் பாத்தியிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும். கல்வரப்பின் இடுக்குகளைச் சிறு கல்லும் களிமண்ணும் கொண்டு அடைக்க வேண்டும். சேனைப் பாத்தியைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை இரண்டடி ஆழம் புதைத்தால் பல வருஷங்களுக்குப் பயன்படும். சாரைப்பாம்பும் கூகையும் எலியைத் தின்று வாழ்பவை. அவற்றை அடித்துத் துரத்துவோர் கூலி கேளாத காவற்காரரை இழக்கின்றனர்.

விஷம் வைப்பதானால்

இம்முறைகளால் தீராத இடத்தில், கடைகளில் ஜிங்க் பாஸ்பைடு என்று விற்கப்படும் கரும்பொடியைப் பயன்படுத்தலாம். நொய்யரிசி 96 பங்கு, சமையல் எண்ணெய் 2 பங்கு, மருந்து 2 பங்கு எனக் குச்சியால் கலக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத அரிசியை வைத்துப் பழக்கியபின், வளையொன்றுக்கு 10 கிராம் வீதம் மருந்திரையைக் காகிதத்தில் பொட்டலமாக்கி, வளைக்குள்ளேயே ஆழமாய்ச் செலுத்தி வாயிலை மூட வேண்டும். வெளியில் ஒரு மணியும் சிந்தலாகாது. மருந்தைச் சிறிது தின்று பிழைத்த எலி மீண்டும் அதைத் தீண்டாது. எனவே அடுத்தடுத்து இதே மருந்தை வைப்பது வீண்.

இம்மருந்து வயிற்றிலுள்ள அமிலத்துடன் சேர்ந்து பாஸ்பின் என்னும் நச்சு வாயுவை உண்டாக்கியே கொல்லுகிறது. அவ்வாறே மனிதரையும் கொல்லும். இதற்குத் தனி மாற்றுமருந்து கிடையாது. தவறி உட்கொண்டவரை வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காது, 108 வண்டியில் உடனே ஆஸ்பத்திரிக்குச் சேர்க்க வேண்டும். மலைப்பாதையின் தூரத்தை எண்ணினால், மருந்தை வீட்டில் மிச்சம் வைப்பது எவ்வளவு அபாயம் என்பது விளங்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிப்பது. அதை வாங்கவே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பயிற்சி பெற்றோர் கையாள வேண்டியது; குடியானவர்கள் தாமே வளையிலிடலாகாது.

செத்த எலிகளை நாயோ பறவையோ தின்னாதபடி ஆழப் புதைக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணால் எலிக்காய்ச்சல் பரவுமாதலால், வேலை செய்வோர் காலுறையும் கையுறையும் அணிவது அவசியம்.

ஒற்றுமையே பரிகாரம்

கரம்பை எலி சுமார் மூன்று வாரம் கருத்தாங்கி, ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை போடும். அக்குட்டிகள் மூன்று மாதத்தில் தாமும் ஈனத் தொடங்கும். ஒருவர் தம் கொல்லையைச் சுத்தம் செய்து அண்டைக் கொல்லை அப்படியே கிடக்குமாயின், காலியான வளையில் அங்குள்ளவை வந்து குடியேற அதிக நாள் வேண்டியதில்லை. அவர் செய்த செலவு முழுதும் அண்டை வீட்டு எலிக்கு இடம் ஒழித்துக் கொடுத்ததாகவே முடியும். பின்பு, “எலியை ஒழிக்க முடியாது” என்று ஊரார் சோர்ந்துவிடுகின்றனர். உண்மையில் முடியாதது தனியொருவர் ஒழிப்பதே.

ஆகையால் நிலம் வெறுமையாயும் ஆகாரம் குறைந்தும் இருக்கும் கோடையில், நடவுக்கு முன், ஊர்ப் பெரியதனக்காரரும் கிராம அதிகாரிகளும் ஒரு நாளைக் குறித்து, எல்லாக் கொல்லைகளிலும் வரப்புகளிலும் ஒரே மாலையில் வளை மூடச் செய்ய வேண்டும். மறுநாட் காலையில் திறந்த வளைகளை எண்ணி ஒரு தாளில் குறித்து, அன்றே வெட்டும் வேலையையும் பொறி வைக்கும் வேலையையும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் எண்ணினால், செய்த வேலையின் பலன் கணக்கிலேயே தெரியும். மிஞ்சிய வளைகளையும் அப்போதே வெட்டிவிட்டால், அவ்வருஷத்துக் கிழங்கு அவரவர் அடுப்புக்கு வந்து சேரும்.