பரிசோதனை அறிக்கையும் குத்துச்சண்டை வீரரின் உரிமையும்

குத்துச்சண்டை வீரர் ஒருவர் வளையத்துக்குள் இறங்கலாமா என்பதை மூன்று வகைப் பரிசோதனைகள் தீர்மானிக்கின்றன. முதலாவது ஊக்கமருந்துப் பரிசோதனை. இரண்டாவது எச்.ஐ.வி., ஈரலழற்சி, கண், மூளை ஆகியவற்றைப் பார்க்கும் உடற்தகுதிப் பரிசோதனை. மூன்றாவது, பெண்கள் பிரிவில் அண்மையில் மீண்டும் வந்திருக்கும் பாலினத் தகுதிப் பரிசோதனை. மூன்றிலும் ஆய்வுகூடம் தருவது ஓர் அறிக்கைதான், தீர்ப்பு அல்ல. ஆனால் அறிக்கையை மறுப்பதற்கான வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லா வழிக்கும் காலக்கெடு உண்டு.

இலங்கையில் எல்லோரும் அறிந்த குத்துச்சண்டை வழக்கு மஞ்சு வன்னியாராச்சியுடையது. 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் பென்டம் எடைப் பிரிவில் அவர் தங்கம் வென்றார். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்றிகஸ் வென்றதற்குப் பிறகு, 72 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம் அது. அவருடைய மாதிரியில் நன்ட்ரோலோன் என்ற ஸ்டெரோயிட் காணப்பட்டதால் பதக்கம் பறிக்கப்பட்டு, வேல்ஸ் வீரர் ஷோன் மக்கோல்ட்ரிக்கிடம் போனது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ இதே குடும்பத்துப் பொருள் இன்னொரு இலங்கையரின் மாதிரியில் அறிவிக்கப்பட்டது. 2015 டிசெம்பரில் கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா நியூஸிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். கட்டாரின் டோஹாவிலுள்ள ஆய்வுகூடம் 19-நோர்அன்ட்ரோஸ்டீன்டயோன் இருப்பதாக அறிக்கை கொடுத்திருந்தது. இலங்கை கிரிக்கெட் நிறுவனம் வெளிநாட்டுச் சட்டத்தரணிகளையும் நிபுணர்களையும் அமர்த்தி, அறிக்கையின் அறிவியல் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது. ஆய்வுகூடம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது. அதற்குள் ஆசியக் கிண்ணமும் உலக ரி20 போட்டியும் அவர் இல்லாமலே நடந்து முடிந்திருந்தன. அதே ஆண்டு நவம்பரில் வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் அந்த ஆய்வுகூடத்தின் அங்கீகாரத்தை நான்கு மாதங்களுக்கு இடைநிறுத்தியது. அங்கீகாரம் பெற்ற கூடமும் பிழைவிடலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் சான்று இது. பெரேராவின் பின்னால் வசதியுள்ள ஒரு சபை நின்றது. மட்டக்களப்பிலிருந்து தனியாகப் போகும் குத்துச்சண்டை வீரருக்கு அப்படி யாரும் நிற்பதில்லை. அவர் விதிகளைத் தானே அறிந்திருக்க வேண்டியது அதனால்தான்.

மாதிரி கொடுக்கும் மேசையிலேயே உரிமைகள் தொடங்குகின்றன. வீரர் பொதியைத் தானே தெரிவு செய்யலாம். முத்திரை உடையாமல் இருக்கிறதா, போத்தல்களிலும் மூடிகளிலும் படிவத்திலும் உள்ள இலக்கங்கள் ஒன்றா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். குறைந்தது 90 மில்லிலீற்றர் சிறுநீர் ஏ, பி என்ற இரண்டு போத்தல்களில் பிரித்து ஊற்றப்படும். கடந்த ஏழு நாட்களில் எடுத்த மருந்துகளையும் சத்துமாக்களையும் படிவத்தில் எழுத வேண்டும். காய்ச்சலுக்குப் போட்ட ஊசி, நாட்டு வைத்தியர் தந்த கசாயம், கடையில் வாங்கிய புரோட்டீன் மா எதையும் விடக்கூடாது. நடைமுறையில் குறை கண்டால் அதைக் குறிப்பிடப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. ஒரு பிரதிநிதியையும், கிடைக்கக்கூடியவரானால் மொழிபெயர்ப்பாளரையும் வைத்துக்கொள்ளலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தில், வாசித்து விளங்காமல் கையெழுத்திடுவது பின்னால் வீரருக்கே எதிராக நிற்கும். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. அரச நிறுவனத்திடம் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு.

ஏ மாதிரியில் பொருள் காணப்பட்டால் எழுத்தில் அறிவிப்பு வரும். பி மாதிரியைத் திறக்கும்படி கேட்கவும், திறக்கும்போது நேரிலோ பிரதிநிதி மூலமாகவோ இருக்கவும், ஆய்வுகூட ஆவணங்களின் பிரதியைப் பெறவும் வீரருக்கு உரிமை இருக்கிறது. குறித்த நாளுக்குள் கேட்காவிட்டால் பி மாதிரி உரிமையைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். அதிர்ச்சியிலும் வெட்கத்திலும் கடிதத்தை மூடி வைத்துவிடுவதால் கைநழுவும் உரிமை இதுதான். பி மாதிரி முதல் முடிவை உறுதிப்படுத்தாவிட்டால் அந்தப் பரிசோதனை முழுவதும் விழுந்துவிடும்.

உறுதிப்படுத்தினால் கதை கடினமாகிறது. பொருள் உடலுக்குள் எப்படிப் போனதென்று காட்டும் பொறுப்பு வீரருடையது. 'எனக்குத் தெரியாது' என்பது விடையாகாது. 2011 உலகக் கிண்ணத்தின்போது தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தில் பிரெட்னிசோலோன் கலந்திருந்ததால் உபுல் தரங்கவுக்கு மூன்று மாதத் தடை விழுந்தது. நாட்டு வைத்தியம் வீட்டுக்கு வீடு புழங்கும் மட்டக்களப்பில் இதைப் பயிற்றுநர்கள் மாணவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதிக்குப் பொருந்தும் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காயடிக்கப்படாத ஆண் பன்றியின் உடலில், முக்கியமாக ஈரல் போன்ற உள்ளுறுப்புகளில், நன்ட்ரோலோன் இயற்கையாகவே இருக்கிறது. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்தில் காட்டுப்பன்றி இறைச்சி அரிய பொருளல்ல. தொழில்முறைக் குத்துச்சண்டையின் பெயர்பெற்ற தகராறொன்று இதில்தான் எழுந்தது. 2015 பெப்ரவரி மாதிரியில் நன்ட்ரோலோன் தடயம் காணப்பட்ட டைசன் ஃபியூரியும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஹியூகி ஃபியூரியும் காட்டுப்பன்றி இறைச்சியைக் காரணமாகச் சொன்னார்கள். 2017 டிசெம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. பின்திகதியிட்ட இரண்டு ஆண்டுத் தடையை இருவரும் ஏற்றார்கள். குறைந்த அளவு காணப்பட்டால், அது உடலிலேயே உருவானதா வெளியிலிருந்து வந்ததா என்று கார்பன் சமதானிப் பரிசோதனை மூலம் பார்க்க முடியும். ஆனால் பன்றியிலிருந்து வந்ததையும் ஊசியிலிருந்து வந்ததையும் அது எப்போதும் பிரித்துக் காட்டிவிடாது. போட்டிக் காலத்தில் அந்த இறைச்சியைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

நோய்க்காகத் தடைசெய்யப்பட்ட மருந்து தேவைப்பட்டால் மருத்துவப் பயன்பாட்டு விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அவசர சிகிச்சையென்றால் பின்னரும் கேட்கலாம். கிளினிக் கொப்பியும் வைத்தியரின் மருந்துத் துண்டும் அப்போது பெறுமதியான சான்றுகள். இலங்கையில் இதைக் கவனிப்பது, 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம். சர்வதேச மட்ட வீரருக்கு இறுதி மேன்முறையீடு சுவிற்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில். பொதுவான கெடு தீர்ப்புக் கிடைத்து 21 நாட்கள். வசதியற்றவர்களுக்கு அங்கே சட்ட உதவி நிதியமும் உண்டு.

தொழில்முறைச் சண்டையில் ஒப்பந்தத்தையும் வாசிக்க வேண்டும். அங்கே பரிசோதிப்பவர் ஒருவராகவும் உரிமம் தருபவர் இன்னொருவராகவும் இருக்கலாம். 2022 ஒக்டோபரில் கொனர் பென்னின் லண்டன் சண்டை ஒரு தனியார் பரிசோதனை முடிவால் நின்றுபோனது. யாருக்கு விசாரிக்கும் அதிகாரம் என்ற வாதமும் சேர்ந்துகொள்ள, அவர் விடுவிக்கப்பட 2024 நவம்பர் ஆகிவிட்டது.

உடற்தகுதிப் பரிசோதனையில் பி போத்தல் கிடையாது. எச்.ஐ.வி.க்கான முதற்கட்டப் பரிசோதனை சிலவேளை பிழையாக நேர்மறை காட்டும் என்பதால், உறுதிப்படுத்தும் பரிசோதனை வரும்வரை அதை நோயென்று கொள்ளக்கூடாது. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம். உலகப் பட்டம் வென்ற டொமி மொரிசனை 1996 பெப்ரவரியில் நெவாடா ஆணையம் எச்.ஐ.வி. முடிவைக் காட்டி நிறுத்தியது. பின்னாளில் அவர் அந்த முடிவே பிழையென்று வாதிட்டு, 2007இல் மீண்டும் சண்டையிட்டார், 2013இல் இறந்தார். யாருடைய இரத்தம், யார் எடுத்தார், யார் பார்த்திருந்தார் என்பதற்கு ஆவணம் இல்லாத எதிர்மறை அறிக்கை எந்த ஆணையத்தின் முன்னும் எடுபடாது. மறுபரிசோதனையை அவர்களுடைய மேற்பார்வையிலேயே கேட்டுப் பெற வேண்டும். பிழை உறுதியாகும்வரை சிகிச்சையை நிறுத்துவது உயிராபத்து.

பாலினத் தகுதியில் இழப்பு பதக்கத்தோடு நிற்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வென்ற வெள்ளியை இழந்தார். அவருடைய அந்தரங்கமான மருத்துவ முடிவு உலகச் செய்தியானது. அந்தக் கொடுமைக்கு எந்த விதியும் நியாயம் சொல்ல முடியாது. 2025இல் வேர்ல்ட் பொக்ஸிங் அமைப்பு பெண்கள் பிரிவுக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுமுன், முடிவு யாருக்குப் போகும், எவ்வளவு காலம் வைக்கப்படும், மேன்முறையீடு எங்கே என்று எழுத்தில் கேட்பது வீராங்கனையின் உரிமை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருடன் பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும்.

அரச நிறுவனம் ஆவணம் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். அரச அதிகாரி பாரபட்சமாக நடந்து சமத்துவ உரிமையை மீறியிருந்தால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால் அந்த மாதம் விரைவில் ஓடிவிடும். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கெடுவில் சேர்த்துக் கணக்கிடப்படாது.