கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு கோச்

ஆடி முடித்துப் பயிற்சியாளரானவரை வெற்றிக் கணக்கை வைத்தே நாம் எடை போடுகிறோம். அந்தத் தராசு எப்படியெல்லாம் ஆடும் என்பதற்கு ரஷ்யாவின் ஸ்டானிஸ்லாவ் செர்செசோவ் ஒருவரே போதும். ஸ்பார்ட்டக் மாஸ்கோவின் பழைய கோல்கீப்பர். 2018 உலகக் கோப்பைக்கு முன் அவருடைய தேசிய அணி தொடர்ந்து 7 ஆட்டங்களில் வெல்லவில்லை. தரவரிசையில் 70வது இடம். சொந்த நாட்டிலேயே கேலி. ஜூலை 1 அன்று பெனால்டியில் ஸ்பெயினை வெளியேற்றியதும், அவருடைய அடர்ந்த மீசையே கொண்டாட்டச் சின்னமானது. 2021 யூரோவில் ரஷ்யா முதல் சுற்றோடு திரும்பியது, வேலையும் போனது. மனிதரும் மாறவில்லை, மீசையும் மாறவில்லை.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கால்பந்தைவிடக் கபடிக்குத்தான் கூட்டம் சேரும். அதனால் நமக்கு நெருக்கமான உதாரணம் கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கிறது: தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியின் தர்மராஜ் சேரலாதன். 2016இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தவர். அதே ஆண்டு பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகப் புரோ கபடிப் பட்டமும் வென்றார். 2019இல், 44 வயதில், ஹரியானா அணிக்குக் கேப்டன். வடநாட்டுப் பையன்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள். 2024இல் புரோ கபடி அணியான தமிழ் தலைவாஸின் உத்திப் பயிற்சியாளரானார். அணி பிளே-ஆஃப் எட்டவில்லை. அடுத்த சீசனில் தலைமைப் பயிற்சியாளராகச் சஞ்சீவ் பலியான் வந்தார்.

‘நல்ல ஆட்டக்காரர் நல்ல கோச்சாகிவிட முடியுமா, பார்த்தோமே’ என்பார்கள். ஒரு சீசனை வைத்து அப்படிச் சொல்லிவிடுவது அவசரம். ஏலத்தில் கிடைத்தவர்களை வைத்துச் சில மாதங்களில் அணி கட்டுவது ஒரு வேலை. பதினாறு வயதுப் பையனை வளர்த்தெடுப்பது வேறு வேலை. சேரலாதன் போன்றவரின் புகழுக்கு இந்த இரண்டாவது வேலையில்தான் உண்மையான மதிப்பு. நம் ஊர்ப் பொங்கல் போட்டிகள் பெரும்பாலும் மண்ணில் நடக்கின்றன. லீக்கோ ‘மேட்’ விரிப்பில், ஷூ போட்டு. மண்ணில் சறுக்கி விழுந்து கணுக்காலைப் பிடிப்பவன், மேட்டில் அதே பிடியை அரை நொடி தாமதமாகப் போட்டால் ஆள் கோட்டைத் தொட்டுவிடுவான். மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது பாடி வருபவரை மடக்கினால் இரண்டு புள்ளி. எப்போது பாய்வது, எப்போது கோட்டைவிட்டுத் தள்ளி நிற்பது என்ற கணக்கு மண்ணில் ஆடியே வந்துவிடாது. மண்ணிலிருந்து மேட்டுக்குத் தானே மாறியவர் சொன்னால்தான் அது ஏறும்.

‘உள்ளூர் அண்ணன்மார் போதாதா?’ என்பது நியாயமான கேள்வி. அவர்கள் இல்லாவிட்டால் கபடியே இருக்காது. ஆனால், பிள்ளையை விளையாட அனுப்பத் தயங்கும் பெற்றோரைச் சம்மதிக்க வைக்க ஊரறிந்த பெயர் ஒன்று வேண்டியிருக்கிறது. அரியலூரின் செல்வம் கார்த்தி இந்திய ஹாக்கி அணிக்குப் போனது கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்றுத்தான். எத்தனை குடும்பம் பையனை அவ்வளவு தூரம் அனுப்பும்?

வரும் தை மாதப் போட்டிகளுக்குக் கோப்பைச் செலவில் கொஞ்சம் குறைத்து, மேட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சேரலாதனைப் போன்றவரை இரண்டு நாள் அழைத்துப் பாருங்கள். திருமானூர்ப் பாலம் தாண்டினால் அவர் மாவட்டம்தான்.