ஊவா: கடலும் இல்லை, காணியும் இல்லை

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்யும் பொடியன்களிடம் ஊரைக் கேட்டால் பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை என்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும். எல்லாம் ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்து ஊர்கள். வடக்கு, கிழக்கிலிருந்து வந்த நம்மில் பலருக்கு அந்த மாகாணம் புகையிரத யன்னலில் பார்த்த மலைக்காட்சி மட்டுமே. அங்கிருந்து இளைஞர்கள் ஏன் இறங்கி வருகிறார்கள் என்பதற்கான பதில் அந்த மண்ணின் அமைப்பிலும் அதன் உரிமையிலும் இருக்கிறது.

மலையும் சமவெளியும்

1886 இல் தனி மாகாணமான ஊவா, பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. பரப்பளவு சுமார் 8,500 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பின்படி சனத்தொகை 12 இலட்சத்து 66 ஆயிரம். எந்தப் பக்கமும் கடல் இல்லை. பதுளைப் பக்கம் நமுனுகுலை மலை 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்க, மொனராகலைப் பக்கம் வறண்ட சமவெளியாக விரிகிறது.

தென்மேற்குப் பருவமழையை மத்திய மலைகள் மறித்துவிடுவதால் யூலை முதல் செப்டெம்பர் வரை இங்கே வீசுவது காய்ந்த காற்று. அந்தக் காற்றில் கொழுந்து மெல்ல வளர்வதால்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம். ஆனால் அதன் விலை தோட்டத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது. 1924 இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையும் அந்தத் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த பாதைதான்.

வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கும் மரக்கறியும் கெப்பட்டிப்பொல சந்தையில் லொறி ஏறுகின்றன. மொனராகலையில் சோளம், இறப்பர், பெல்வத்தை, செவனகலை சீனி ஆலைகளுக்கான கரும்பு. அந்த மாவட்டத்துச் சிங்கள விவசாயியும் வசதியானவர் அல்ல. 1818 இல் ஊவா, வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை நசுக்கிய ஆங்கிலேயர் வயல்களையும் குளங்களையும் அழித்த மண் அது.

இறங்கிப் போகும் தண்ணீர்

மாணிக்க கங்கை, கிரிந்தி ஓயா, கும்புக்கன் ஓயா, கல்லோயா எல்லாம் ஊவா மலைகளில் பிறந்து வேறு மாகாணங்களில் கடலைச் சேர்கின்றன. கல்லோயாவை மறித்து 1949 இல் தொடங்கிய குடியேற்றத் திட்டமும், 1956 இல் அங்கே தமிழர் கொல்லப்பட்டதும் கிழக்கு மக்கள் மறக்காதவை.

அண்மைய உதாரணம் உமா ஓயா. மலையைக் குடைந்து தண்ணீரைத் தெற்கின் வறண்ட நிலங்களுக்குத் திருப்பி, 120 மெகாவாட் மின்சாரமும் எடுக்கும் இத்திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆனால் 2014 இன் இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பலன் கீழே, பாதிப்பு மேலே.

யாருடைய மண்?

பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். பெரும்பாலோர் தோட்ட வழிவந்தவர்கள். 1948 இல் அவர்களுடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோதும் தொழிலாளிக்குக் காணி கிடைக்கவில்லை. தலைமுறைகளாக வாழும் லயன் அறைக்கும் அவர்கள் கையில் உறுதி இல்லை.

அதன் விலை என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. எழும்பிப் போகச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் அந்த மக்களிடம் இருக்கவில்லை.

வன்முறையும் அவர்களைத் துரத்தியது. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள், போரின் கடைசி நாள்கள் வரை நம்மோடு இடம்பெயர்ந்தவர்கள். 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25 இற்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதும் இதே மாகாணத்தில்தான். தண்டிக்கப்பட்டவர்களை 2005 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

வடக்கில் உறுதி கையில் இருந்தும் காணிக்குள் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஊவாவிலோ காணிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தும் உறுதி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்டக் காணி என்பது அரசின் கொள்கை. அதைத் தெளிவான உறுதியோடு, சரிவு ஆபத்தில்லாத இடத்தில் கொடுப்பதுதான் முதல் வேலை. அதுவரை தேயிலையோடும் தண்ணீரோடும் பிள்ளைகளும் மலையிறங்கிக்கொண்டே இருப்பார்கள். காணிக்காகக் குரல் கொடுக்கும் வடக்கு, கிழக்கு மக்கள் அவர்களையும் சேர்த்துப் பேசினால் இரு பக்கத்துக்கும் பலம்.