55 சென்ட் தபால்தலையும் வாக்குரிமையும்

2020 ஏப்ரலில், கொரோனா பெருந்தொற்று பரவிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியாவில் 'பிளாக் வோட்டர்ஸ் மேட்டர் ஃபண்ட்' என்னும் கறுப்பின வாக்காளர் அமைப்பு வழக்கொன்றைத் தொடுத்தது. கோரிக்கை மிகச் சிறியது. வாக்குச்சீட்டை அஞ்சலில் திருப்பி அனுப்பும் உறைக்கான தபால்தலைச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பதே அது. அன்று ஒரு தபால்தலையின் விலை 55 சென்ட்.

இதற்கா ஒரு வழக்கு என்று கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் தபால்தலைகளைப் பெரும்பாலும் 20 கொண்ட சிறு ஏடாகவே வாங்குகிறார்கள். அன்றைய விலையில் அது 11 டாலர். மணிக்கு 7.25 டாலர் என்னும் குறைந்தபட்சக் கூலி பெறுபவருக்கு அது ஒன்றரை மணி நேர உழைப்பு. ஒற்றைத் தலை போதுமென்றால் அஞ்சலகம் திறந்திருக்கும் நேரத்தில் வேலையை விட்டுச் செல்ல வேண்டும். கடிதம் எழுதும் பழக்கமே அற்றுப்போன இளைஞர் வீட்டில் தபால்தலை இருப்பதில்லை. வசதியுள்ளவருக்கு மேசை இழுப்பறையில் கிடக்கும் பொருள் வறியவருக்கு ஒரு நாள் அலைச்சலாகிறது.

வழக்கின் வேர் ஜார்ஜியாவின் வரலாற்றில் இருக்கிறது. 1877-இல் அம்மாநிலம் தன் அரசமைப்பின் வழியாக வாக்குரிமையை வரியோடு பிணைத்தது. ஆண்டுக்கு ஒரு டாலர் தலைவரி. பாக்கி முழுவதையும் தீர்த்தால்தான் வாக்களிக்கலாம். நிலவுடைமையாளரிடம் வாரத்துக்கு உழுது, அறுவடைக்குப் பின்பும் கடனாளியாகவே நின்ற கறுப்பின உழவர் எத்தனை ஆண்டுப் பாக்கியைத் தீர்த்திருக்க முடியும்? சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. 1937-இல் இவ்வரி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1945-இல்தான் ஜார்ஜியா அதனைக் கைவிட்டது.

நம் வாசகர்களுக்கு இந்த உத்தி புதிதன்று. 1919-இல் சவுத்பரோ குழுவின்முன் சாட்சியமளித்த அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதோருக்கான வாக்குரிமைத் தகுதியைத் தாழ்த்த வேண்டும் என்று வாதிட்டார். சொத்துச் சேர்க்கும் வழிகளைச் சாதி அடைத்துவிட்டு, சொத்தில்லை என்பதால் வாக்கும் இல்லை எனச் சொல்வது இரட்டைத் தண்டனை அல்லவா? ஆயினும் 1935 சட்டத்தின் கீழும் சொத்தும் வரியும் கல்வியுமே இங்கு வாக்காளரைத் தீர்மானித்தன.

அமெரிக்காவில் 1964-இல் நடைமுறைக்கு வந்த 24-ஆம் அரசமைப்புத் திருத்தம், கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குக்கு வரி கேட்பதைத் தடைசெய்தது. வர்ஜீனியா ஒரு மாற்றுவழியை முன்வைத்தது. வரி கட்ட விரும்பாதவர் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே வசிப்பிடச் சான்று தாக்கல் செய்யலாம் என்றது. 1965-இல் ஹார்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனையும் தகர்த்தது. வரி கட்டாதவர் மீது மட்டும் விழும் கூடுதல் சுமையும் அரசமைப்புக்கு முரணானதே என்றது. அடுத்த ஆண்டு ஹார்ப்பர் வழக்கில், வர்ஜீனியாவின் ஒன்றரை டாலர் வரி மாநிலத் தேர்தல்களிலும் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. வாக்களிக்கும் தகுதிக்கும் பணவசதிக்கும் தொடர்பில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். தொகை சிறியதா பெரியதா என்ற கேள்வி அங்கு எடுபடவில்லை.

இவ்வளவு வலுவான முன்தீர்ப்புகள் இருந்தும் ஜார்ஜியா வழக்கு தோற்றது. 2021 ஆகஸ்டில் 11-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தபால்தலை வரியன்று, அஞ்சல் துறையின் சேவைக்குத் தரும் விலை என்றது. வேண்டாதவர் நேரில் சென்று வாக்களிக்கலாமே என்றும் கூறியது.

முதல் காரணத்தில் சட்ட நியாயம் ஓரளவு உண்டு. பணம் மாநில அரசின் கருவூலத்துக்குப் போவதில்லை. இரண்டாவதை நாம் ஏற்பதற்கில்லை. 2020 ஜூன் 9 முதனிலைத் தேர்தலில் அட்லாண்டா பகுதியில், அதிலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில், வாக்காளர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். நோய்த்தொற்றின் நடுவே அந்த வரிசையை 'இலவச வழி' என்பது எப்படிப் பொருந்தும்? கட்டணமின்றி உறையைப் போடுவதற்கு அந்த ஆண்டு வைக்கப்பட்ட வாக்குப்பெட்டிகளும் சுருங்கின. 2021 மார்ச்சில் இயற்றப்பட்ட தேர்தல் சட்டம், ஒரு லட்சம் வாக்காளருக்கு ஒன்று அல்லது முன்வாக்களிப்பு மையத்துக்கு ஒன்று, இவற்றில் எது குறைவோ அதற்குமேல் பெட்டிகள் கூடாதென்றது. அவையும் மையத்தின் உள்ளே, அது திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே.

இதில் ஒரு விநோதமும் உண்டு. தபால்தலை ஒட்டாத வாக்குறையையும் அமெரிக்க அஞ்சல் துறை திருப்பி அனுப்பாமல் உரிய இடத்தில் சேர்க்கும். கட்டணத்தைத் தேர்தல் அலுவலகத்திடமிருந்து பெற்றுக்கொள்ளும். அதுவே அத்துறையின் கொள்கை. அதாவது அரசு பணம் கட்டும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பரவலாகச் சொல்லப்படுவதில்லை. விதியை நம்பி, தலை கிடைக்காமல் உறையை வீட்டிலேயே வைத்துவிடும் வாக்காளரே இழக்கிறார்.

வெளிப்படையாகவே செலவை ஏற்ற மாநிலங்களும் உள்ளன. கலிஃபோர்னியா 2018-இல் அதற்குச் சட்டமியற்றியது, ஓரிகன் 2019-இல். முன்செலுத்திய உறையில் பெரும் பணம் வீணாகும் என்ற அச்சமும் சரியன்று. வணிகப் பதிலஞ்சல் முறையில் திரும்பி வரும் உறைக்கு மட்டுமே கட்டணம்; வராத உறைக்குச் செலவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது வழக்கறிஞர்களாகிய எங்களுக்குத் தனியே ஆர்வமூட்டியது. 2018-இல் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டி, தன் வாக்காளர்களின் தபால்செலவைத் தானே ஏற்க முடிவெடுத்தது. மாநிலத் தேர்தல்களுக்குப் பொறுப்பான செயலர் கிம் வைமன், குடியரசுக் கட்சிக்காரர், எதிர்ப்பு எழுப்பினார். ஒரு கவுண்டியின் வாக்காளருக்கு இலவசம், பக்கத்துக் கவுண்டிக்காரருக்கு தபால்தலை என்பது சமமன்று என்பது அவர் வாதம். அதற்குத் தீர்வாக அவர் கிங் கவுண்டியின் இலவசத்தைப் பறிக்கவில்லை. ஏனைய கவுண்டிகளுக்கும் பணம் கேட்டார். ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜே இன்ஸ்லீ தம் அவசர நிதியிலிருந்து அதனை வழங்கினார். மறு ஆண்டு சட்டமன்றம் அதனை நிரந்தரமாக்கியது.