வெண்கலத்தில் நிற்கும் பறவைகள்

தை மாதத்துக் காலைப்பொழுதில் மன்னார்த் தாம்போதியைக் கடந்து வங்காலைச் சேற்றுவெளியை நோக்குகின்ற எவருக்கும், வடபுலத்துக் குளிரை நீங்கி வந்திறங்கிய ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் பூநாரைகளும் நீர்ப்பரப்பெங்கும் நிறைந்திருக்கும் அக்காட்சியைக் கண்டபின், இத்திரளுக்கும் ஒரு நாள் முடிவு நேரக்கூடும் என்னும் எண்ணம் எளிதில் தோன்றாது. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்து வானத்தையே மறைத்த பயணப்புறாவைக் கண்டவர்களுக்கும் அவ்வெண்ணம் தோன்றவில்லை. வேட்டையாலும் வனநாசத்தாலும் அந்த ஜாதி அருகி, 1914 செப்டம்பர் 1ஆம் நாள் சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையில் ‘மார்த்தா’ என்னும் கடைசிப் புறா மாண்டதோடு பூண்டற்றுப் போயிற்று.

அப்புறாவுக்கும், அதைப் போலவே மறைந்த பெரிய ஆக், லாப்ரடார் வாத்து, கரோலினாக் கிளி, ஹீத் கோழி ஆகிய நான்கு பறவைகளுக்கும் அமெரிக்கச் சிற்பி டாட் மெக்ரெயின் வெண்கலத்தில் ஞாபகார்த்த உருவங்கள் சமைத்திருக்கிறார். இவை ஆளுயரத்தை ஒட்டியவை, கருநிறமானவை. இறகு இறகாகச் செதுக்கும் நுணுக்கத்தை அவர் விரும்பாது, கழுத்தின் வளைவு, மார்பின் திரட்சி, தலை சாய்ந்திருக்கும் பாங்கு ஆகியவற்றை மட்டுமே வழவழப்பான மேனியில் நிறுத்தியிருக்கிறார். பார்ப்பவர் கையால் தடவி உணர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கண்ணாடிப் பேழைக்குள் பஞ்சு திணித்து வைத்த தோலைக் காண்பதிலும் இவ்வுருவத்தைத் தொடுவதால் இழப்பின் பாரம் ஆழமாக உணரப்படும் என்றே நான் கருதுகிறேன்.

வெண்கலம் வார்க்கும் வித்தை தமிழருக்குப் புதிதன்று. மெழுகில் உருச்செய்து, அதன்மேல் மண் பூசி உலர்த்திச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றுவது சுவாமிமலை ஸ்தபதிகளின் பரம்பரை முறை. அவர்களுடைய தெய்வத் திருமேனிகள் பெரும்பாலும் கனமாக வார்க்கப்படுபவை. ஆளுயரச் சிற்பங்களையோ, பாரமும் உலோகச் செலவும் கருதி, உட்கூடாக வார்ப்பதே உலக வழக்கம். உப்புக்காற்றையும் பனியையும் நெடுங்காலம் தாங்கவல்லது ஆதலால், திறந்தவெளி நினைவுச் சின்னங்களுக்கு வெண்கலம் மிகவும் உகந்தது.

ஆயினும் இம்முயற்சியின் உயிர்நிலை உலோகத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஐஸ்லாந்துக்கு அண்மையில் உள்ள எல்டே என்னும் பாறைத்தீவில், 1844 ஜூன் மாதத்தில், பறக்கவியலாத பெரிய ஆக் பறவையின் கடைசி ஜோடி, அரிய மாதிரி தேடியவர்களுக்காகக் கொல்லப்பட்டது. எதிர்க்கரையில் நிற்கும் வெண்கலப் பறவை அத்தீவையே நோக்கி நிற்கிறது. ஹீத் கோழியின் உருவம், 1932இல் அது இறுதியாகக் காணப்பட்ட மார்த்தாஸ் வைன்யார்ட் தீவிலேயே நிற்கிறது. லாப்ரடார் வாத்தின் உருவம் இருப்பது, 1878இல் அது கடைசியாகக் காணப்பட்டதாகச் சொல்லப்படும் நியூயார்க் மாநிலத்து எல்மைரா நகரில். எங்கோ ஒரு தலைநகரச் சதுக்கத்தில் ஐந்தையும் வரிசையாக நிறுத்தியிருந்தால் அவை வெறும் அலங்காரமாகியிருக்கும்.

மன்னார்க் கரையிலும் முடிந்துபோன வளமொன்றின் சின்னம் உண்டு. முத்துக்குளிப்பு செழித்திருந்த காலத்தில் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் அரிப்பு என்னும் ஊரில் கட்டுவித்த மாளிகை இன்று இடிபாடாகக் கடலரிப்புக்கு இரையாகிக்கொண்டிருக்கிறது. பறவைகளைப் பொறுத்தவரையில் அத்தகைய கதிக்கு நாம் இன்னும் ஆளாகவில்லை. கீழ்நோக்கி வளைந்த நெடிய அலகால் சேற்றைத் துழாவி நண்டு தேடும் குதிரைமலைக் கோட்டான் இக்கரைக்கு இன்னும் வருகிறது. அதன் உறவான மெல்லலகுக் கோட்டானோ, 1995இல் மொரோக்கோ நாட்டுக் காயலொன்றில் ஐயத்துக்கு இடமின்றிக் கடைசியாகக் காணப்பட்டபின், 2025இல் அழிந்த இனமென அறிவிக்கப்பட்டது. சைபீரியாவில் முட்டையிட்டு மத்தியதரைக் கடற்பக்கம் குளிர்காலம் கழித்த அப்பறவை எங்கே, எப்போது குறைந்தது என்பதை உரிய காலத்தில் கணக்கெடுத்தோர் மிகச் சிலரே.

வங்காலை 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் பிரகடனம் பெற்றது. பரப்பு 4,839 ஹெக்டேர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. அதில் மன்னார்ப் பாடசாலைப் பிள்ளைகளும் பங்குகொண்டு, தாம் கண்ட கோட்டான்களை எண்ணி எழுதிவைப்பார்களாயின், இக்கரைக்கு வருகின்ற பறவைகளின் ஏற்றத்தாழ்வு அவ்வப்போதே நமக்குத் தெரியவரும்.